வெள்ளைக்காரம்மாவுக்கு வாய் கொடுத்த ஆறு மாதம்

மொழிபெயர்ப்பு வேலையில் பேசுகிறவர்கள் இரண்டு பேர், மாட்டிக்கொள்கிறவர் ஒருவர். அந்த ஒருவராக இருந்து பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் வாங்க, பக்கத்தில் உட்காருங்க. உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி அது. தர்மபுரி தனி மாவட்டமாகிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்தது. வத்தல்மலை அடிவாரத்தில் ஓர் ஓட்டுக் கட்டடப் பள்ளிக்கூடத்தில் நான் டீச்சர். மழை பொய்த்து இரண்டு வருஷம். கிணற்றில் தண்ணீர் இல்லை, கரும்பலகையில் கறுப்பு இல்லை, ஐந்து வகுப்புக்கு டீச்சர் மூன்று பேர். எங்களுக்கு என்ன குறை என்று கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து யோசித்த ஒரு தொண்டுச் சங்கத்துக்கு, பிள்ளைகள் மனதில் உள்ள உணர்ச்சியை வெளியே காட்டாமல் இருப்பதுதான் குறை என்று பட்டிருக்கிறது. படம் வரையவைத்து அதை வெளியே கொண்டுவரலாம் என்று திட்டம் போட்டு, மார்கரெட் என்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணை, இரண்டு பெட்டி வண்ணத்தோடு எங்களிடம் ஆறு மாதத்துக்கு அனுப்பிவைத்தார்கள். பாவம், நல்ல பெண்தான். நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்பிக்கிறது எவ்வளவு கஷ்டம் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

ஆள் பிடித்த விதம்

எங்கள் எச்.எம். காரிமங்கலத்துக்காரர். மேலே இருந்து எந்தக் காகிதம் வந்தாலும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, அடுத்த நிமிஷமே யார் தலையில் கட்டலாம் என்று பார்ப்பார். தொண்டுச் சங்கத்துக் கடிதம் வந்த அன்று அவர் கண்ணில் பட்டது நான். சேலத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள் என்பது என் மேல் இருந்த ஒரே குற்றம். படித்து முடித்துப் பத்து வருஷம் ஆகிறது, இங்கிலீஷில் ஒரு நாய்கூட என்னிடம் பேசியதில்லை, எல்லாம் மறந்துவிட்டது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சொன்னார்:

"டீச்சருக்கு நல்லா இங்கிலீஷ் வரும்னு பி.டி.ஓ. கிட்ட சொல்லிட்டேனுங்க. வராட்டியும் இனிமே வந்துதான் ஆகணும்."

உள்ளே எப்படி இருக்கிறது?

முதல் நாள். நாலாம் வகுப்புப் பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்து, ஒவ்வொருவரும் இன்று எப்படி உணர்கிறார்கள் என்று கேட்கச் சொன்னாள் மார்கரெட். இதை எப்படித் தமிழில் கேட்பது? நீங்களே கேட்டுப் பாருங்கள். நான், "எப்படிடா இருக்கே?" என்றேன். நாற்பது பேரும் எழுந்து கைகட்டி, "நல்லாருக்கேனுங்க" என்றார்கள். மார்கரெட்டுக்குப் போதவில்லை. மேலே அல்ல, உள்ளே எப்படி இருக்கிறது என்று கேள் என்றாள். கேட்டேன். முன்னால் உட்கார்ந்திருந்த பச்சியப்பன் என்கிற பையன் வயிற்றைத் தொட்டுக் காட்டி, "பசிக்குதுங்க" என்றான்.

காலையிலிருந்து ஒன்றும் தின்னாத பையனின் பசியை இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் என்ன செய்வாள், அவள் பெட்டியில் இருப்பது வண்ணம்தானே? தவிர, ஒரு வார்த்தையை ஒரு வார்த்தையாகவே சொன்னால் எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துக்கொள்வாளோ என்ற பயம் வேறு. தன் உள்ளே ஒரு வெறுமை இருப்பதாகவும், எதையோ தேடிக்கொண்டிருப்பதாகவும் பையன் சொல்கிறான் என்று இங்கிலீஷில் எடுத்துவிட்டேன். மார்கரெட் கண் கலங்கி, அதை நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டாள். பச்சியப்பன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சருங்க, நான் ஒரே ஒரு வார்த்தைதான சொன்னேன். நீங்க எம்மா நேரம் சொல்றீங்க."

சுதந்திரம்

மனதில் தோன்றுவதை வரையுங்கள் என்றால் நாற்பது பிள்ளைகளும் ஒரே படத்தைத்தான் வரைந்தார்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. எங்கள் பக்கம் தென்னையைப் பார்க்க ஏழு மைல் நடக்க வேண்டும். ஆனாலும் படம் என்றால் அதுதான் படம் என்று கரும்பலகையில் போட்டுப் போட்டுப் பழக்கியவர்கள் நாங்கள்தானே. பக்கத்தில் இருப்பவனைப் பார்த்து அப்படியே போடுகிறவன் கெட்டிக்காரன், வேறு மாதிரி போட்டவன் காது சிவந்துதான் வீட்டுக்குப் போவான்.

மார்கரெட் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு எச்.எம்.மிடம் போய், பிள்ளைகளுக்கு இங்கே சுதந்திரம் இல்லை என்று முறையிட்டாள். அவருக்கு வேர்த்துவிட்டது. வெள்ளைக்காரம்மா மேலே எழுதிப்போட்டால் என்ன ஆவது? புளியம் விளாறை எடுத்துக்கொண்டு நேரே வகுப்புக்கு வந்தார். வரிசை வரிசையாக நடந்து ஒவ்வொரு தாளாக எட்டிப் பார்த்தார். மார்கரெட் நன்றியோடு சிரித்துக்கொண்டே, என்ன சொல்கிறார் என்று என்னைக் கேட்டாள். பிள்ளைகளை உற்சாகப்படுத்துகிறார் என்றேன். அவர் சொன்னது இது:

"எல்லாரும் சுதந்திரமா வரையணும். எவனாச்சும் சுதந்திரமா வரையல, தோல உரிச்சிருவேன்."

கிழிக்கச் சொன்ன நாள்

யார் மேல் கோபமோ அவர்களை ஒரு தாளில் வரைந்து, வரைந்ததைச் சுக்கு நூறாகக் கிழித்துப் போட வேண்டும். கிழித்தால் கோபம் போய்விடுமாம். நான் சொல்லிவிட்டேன், பிள்ளைகளும் வரைந்துவிட்டார்கள். அதில் பத்துப் பதினைந்து தாளில் மூக்குக் கண்ணாடி இருந்தது, யார் என்று நான் கேட்கவில்லை. ஆனால் கிழிக்கச் சொன்னால் ஒரு கை அசையவில்லை. காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிற பிள்ளைகள். மார்கரெட் தானே ஒரு தாளை எடுத்துக் கிழித்துக் காட்டினாள். வகுப்பே மூச்சை இழுத்துக்கொண்டது. நாலைந்து பேர் ஓடிவந்து துண்டுகளைப் பொறுக்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இவர்கள் கோபத்தை எவ்வளவு ஆழத்தில் புதைத்து வைத்திருக்கிறார்கள் பார் என்றாள் என்னிடம்.

பொறுக்கியவர்களில் மாதம்மா ஒருத்தி. ஒன்பது வயது. இரண்டு மைல் தள்ளிக் காட்டுக்குள் நாலைந்து குடிசையாக இருந்த கொட்டாயிலிருந்து நடந்து வருகிறவள், அந்தக் கொட்டாயிலிருந்து பள்ளிக்கு வந்த ஒரே பெண்பிள்ளை. அப்பன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஆறு மாதம், சேதி இல்லை. தாய் முனியம்மா, ஆடு மேய்க்க ஆள் வேண்டும் என்று பிள்ளையை நிறுத்தப் பார்த்தாள். நான் மூன்று தடவை நடந்துபோய்ப் பேசி, ஒரு குறையும் வராது, என் பொறுப்பு என்று சொல்லித்தான் கூட்டிவந்தேன். எங்கள் பள்ளியில் தப்பில்லாமல் வாசிக்கிற பிள்ளைகள் மூன்று பேர் என்றால் அதில் இவள் ஒருத்தி. தாளை ஏன் கிழிக்கவில்லை என்று மார்கரெட் கேட்கச் சொன்னாள், கேட்டேன்.

"கிழிச்சா படிப்பு வராதுங்க டீச்சர். எங்கம்மா இந்த ஒரு வருசந்தான் உட்டிருக்காங்க."

ஐந்தாவது கால்

இரண்டு மாதத்தில் எனக்குத் தொழில் பிடிபட்டுவிட்டது. பிள்ளைகள் சொல்வது ஒரு முழம், நான் கொடுப்பது ஒரு கஜம். ஒருவன் ஆடு வரைந்து, கால்களோடு கூட ஐந்தாவதாக ஒன்றைத் தொங்கவிட்டிருந்தான். என்ன என்று கேட்டதற்கு, "வாலுங்க, கொஞ்சம் நீண்டுபோச்சு" என்றான். வாழ்க்கையில் நிற்க அவனுக்கு இன்னொரு ஊன்றுகோல் தேவைப்படுகிறது என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு உள்ளூர ஒரு குளிர்ச்சி. இந்தத் திமிருக்கு அப்புறம் வசமாக வாங்கிக் கட்டிக்கொண்டேன், பொறுங்கள். அன்று மார்கரெட் அந்த ஆட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னதுதான் எனக்கு அந்த வருஷத்தில் கிடைத்த ஒரே பாராட்டு, அதுவும் என் பெயரில் இல்லை:

"இந்தக் கிராமத்துக் குழந்தைகள் ஒவ்வொருவரும் ஒரு தத்துவஞானி."

ஒரே ஒரு நாள் ஒழுங்காகச் செய்த வேலை

எங்கள் பக்கத்தில் பாரதக் கூத்து நடந்து முடிகிற கடைசி நாள் படுகளம். ஊர் மந்தையில் களிமண்ணால் இருபது முப்பது அடி நீளத்துக்கு ஓர் ஆளைச் செய்து மல்லாக்கப் படுக்கவைப்பார்கள். அவன் தொடையில் சிவப்புத் தண்ணீர்க் கலயத்தைப் புதைத்திருப்பார்கள். வேஷக்காரர் கதாயுதத்தால் ஓங்கி அடித்ததும் கலயம் உடைந்து, ரத்தம் போலப் பெருகும். பெண் வேஷம் கட்டியவர் விரித்த தலையோடு வந்து அதைத் தொட்டுக் கூந்தலில் தடவி முடிந்துகொள்வார். பத்து ஊர் ஜனம் திரண்டு பார்க்கும். அந்த வாரம் மார்கரெட் பெங்களூரில் இருந்தாள். தன்னைப் போலவே உணர்ச்சியை வெளியே எடுக்க வந்திருந்த மற்ற தொண்டர்களோடு ஏதோ கூட்டம்.

அவள் திரும்பிவந்த வெள்ளிக்கிழமை மாதம்மா வரைந்த படம் அதுதான். வேறென்ன வரைவாள்? தாள் முழுக்கப் படுத்திருக்கிற ஆள், சிவப்பு, தடியோடு ஒருத்தர், தலைவிரித்த பொம்பளை. எனக்கோ அன்று நாலரை மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும், சேலத்தில் தங்கை கல்யாணம். மார்கரெட் கேட்க, பிள்ளை பதில் சொல்ல, நான் ஒரு காலை வாசலில் வைத்துக்கொண்டு, கூட்டாமல் குறைக்காமல் வார்த்தைக்கு வார்த்தை சொல்லிக்கொண்டே போனேன். இந்த ஆளுக்கு என்ன? செத்துட்டாருங்க, தடியால அடிச்சாங்க. நீ பார்த்தாயா? பாத்தேனுங்க, எங்கம்மாதான் தூக்கிக் காட்டுனாங்க. அந்தப் பெண் என்ன செய்கிறாள்? ரத்தத்தத் தொட்டுத் தலையில தடவிக்கிட்டாங்க. யாரும் தடுக்கவில்லையா? இல்லீங்க, எல்லாரும் பாத்துக்கிட்டு நின்னாங்க. உன் அப்பா எங்கே? தெரியலீங்க, ரொம்ப நாளா காணமுங்க.

இது திருவிழா என்று ஒரு வரி நான் சேர்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு வரி. பசியை வெறுமையாக்கி, வாலை ஊன்றுகோலாக்கி, இல்லாததையெல்லாம் கூட்டிச் சொன்ன வாய்க்கு அன்று அது வரவில்லை. மந்தையில் அந்த மண் ஆள் இன்னும் பாதி கரைந்து கிடக்கிறானே, மார்கரெட் தாண்டித்தானே வந்திருப்பாள், தெரியாமலா இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேனா, பஸ்ஸைத்தான் நினைத்தேனா, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. மார்கரெட்டின் முகம் வெளுத்துப்போயிருந்ததைப் பார்த்தேன், வெயில் என்று எடுத்துக்கொண்டேன். வாசலைத் தாண்டும்போது அவள் பின்னாலிருந்து கேட்டாள்:

"ஒவ்வொரு வார்த்தையும் அந்தக் குழந்தை சொன்னதுதானா? நீ எதையும் சேர்க்கவில்லையே?"

விசாரணை

சேர்க்கவில்லை என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிவிட்டுப் போய், கல்யாணத்தில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, செவ்வாய்க்கிழமை திரும்பிவந்தால் ஊரே கூடி நிற்கிறது. சனிக்கிழமை காலையிலேயே மார்கரெட் படத்தையும் நாலு பக்க இங்கிலீஷ் எழுத்தையும் எடுத்துக்கொண்டு தர்மபுரியில் பெரிய அதிகாரி ஒருவரைப் பார்த்திருக்கிறாள். கணவனை ஊர் முன்னால் அடித்துக் கொன்றிருக்கிறார்கள், மனைவியும் உடந்தை, பிள்ளை சாட்சி. வெள்ளைக்காரி கையெழுத்துப் போட்ட காகிதம். அதிகாரி படத்தைப் பார்த்தாரோ இல்லையோ, கையெழுத்தைப் பார்த்திருப்பார். திங்கட்கிழமை ஏட்டு ஒருவர் இரண்டு போலீஸ்காரர்களோடு முனியம்மா கொட்டாய்க்குப் போய்விட்டார்.

நாலு மணி நேரம் அவளை வெயிலில் நிற்கவைத்து, புருஷன் எங்கே, கடைசியாக எப்போது பார்த்தாய், யாரோடு சண்டை என்று கேட்டிருக்கிறார்கள். அடுப்படியைக் கிளறி, ஆட்டுப்பட்டியில் இரண்டு இடத்தில் தோண்டியும் பார்த்திருக்கிறார்கள். மாதம்மா தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டே நின்றாளாம். ஓடிப்போய்விட்டான் என்று அதுவரை முனியம்மாவின் புருஷனைப் பற்றிப் பேசிய வாய்களெல்லாம், கொன்று புதைத்துவிட்டாள் என்று அன்று சாயங்காலமே மாற்றிப் பேச ஆரம்பித்துவிட்டன. தெருவில் ஒருத்திகூடத் தண்ணீர் கொடுக்கவில்லை.

நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். ஏட்டு அதியமான்கோட்டைக்காரர், அவர் ஊரிலேயே வருஷா வருஷம் கூத்து நடக்கும். படத்தை மேஜை மேல் வைத்து, ஐயா இது என்ன என்று உங்களுக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் நிதானமாக வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

"பாத்ததுமே படுகளம்னு தெரிஞ்சுபோச்சுங்க டீச்சர். அதுக்காக மேல இருந்து வந்த பேப்பர விசாரிக்காம மூட முடியுமாங்க?"

மார்கரெட்டின் அறிக்கை

மார்கரெட்டை மந்தைக்கே இழுத்துக்கொண்டுபோய் மண் ஆளைக் காட்டினேன். காய்ந்து வெடித்துப் போயிருந்த தொடையில் கலயத்து ஓடுகள் இன்னும் செருகியிருந்தன. எச்.எம். இரண்டடி பின்னால் கைகட்டி நின்று, எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். முனியம்மாவிடம் வந்து ஒரு வார்த்தை சொல், ஊர் முன்னால் சொல், அது போதும் என்றேன். மார்கரெட் ஓர் ஓட்டைப் பிடுங்கிப் பார்த்தாள். அழுதாள், அதை மறைக்க மாட்டேன். ஆனால் அழுது முடித்ததும் நோட்டைத்தான் எடுத்தாள். விஷயம் பொய்யானாலும் பிள்ளையின் பயம் உண்மைதானே என்றாள். பயப்படவில்லை, தாய் தோளில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டு பார்த்தாள் என்று நான் சொன்னதை இந்தத் தடவை நம்பவில்லை. மறு வாரம் வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு படங்களையெல்லாம் கட்டி எடுத்துப் போனாள். போகும்போது என் கையைப் பிடித்துச் சொன்னது:

"இவ்வளவு ரத்தத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுகிறீர்களே, இதைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும்."

கூப்பிடப் போனது

நாலு மாதம் கழித்து மாதம்மாவின் அப்பன் பெங்களூரிலிருந்து வந்து இறங்கினான். சாரத்திலிருந்து விழுந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான், சேதி எழுதிப்போட அவனுக்கும் தெரியாது, வந்தால் படிக்க வீட்டில் அவன் பெண்டாட்டிக்கும் தெரியாது. உயிரோடு இருக்கிறானா என்று ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. பேசின வாய் ஒன்றாவது மன்னிப்புக் கேட்டதா? அவன் கைக்குக் காப்பித் தண்ணி கொடுத்துவிட்டு நலம் விசாரித்தார்கள், அவ்வளவுதான்.

இனி என்ன தடை என்று நான் கொட்டாய்க்கு நடந்தேன். மாதம்மா வேலியோரம் ஆட்டுக்குத் தழை ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து கைகட்டி நின்றாள், சிரிக்கவில்லை. முனியம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உட்காரப் பலகை போட்டாள், மோர் கொடுத்தாள். தப்பு என்னுடையதுதான், ஒரு வரி சொல்லாமல் பஸ்ஸுக்கு ஓடிவிட்டேன் என்று முழுவதையும் சொன்னேன். நாலாம் வகுப்புப் பரீட்சை வருகிறது, அவளால் முடியும், அனுப்பு என்றேன். காலைத் தொடாத குறை. அவள் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். மோர்ச் சொம்பை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னாள்:

"படம் போட்டதுக்கே போலீசு வந்துச்சுங்க டீச்சர். இவ எழுதவும் கத்துக்கிட்டா வூட்டுக்கு யாரு வருவாங்களோ."

இரண்டு மைலும் தனியாகத்தான் திரும்பி நடந்தேன். நாற்பது பிள்ளைகளின் உள்ளத்தைத் திறந்து பார்த்ததற்காக அந்தச் சங்கம் எனக்குக் கொடுத்த சான்றிதழ் மட்டும் சட்டம் போட்டு எச்.எம். அறையில் தொங்கியது.